பலத்த நீரோட்டத்தில் பாஸ் மீன் கடிக்கவில்லையா? பிட்ஸ்பர்க் ஆறுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வடக்கிலிருந்து வரும் அல்லெகேனி ஆறும் தெற்கிலிருந்து வரும் மொனோங்காஹேலா ஆறும் பிட்ஸ்பர்க் நகரின் நடுவே கூடி ஒஹாயோ ஆறாகின்றன. இவற்றில் சிறுவாய் பாஸ், பெருவாய் பாஸ், புள்ளி பாஸ் ஆகிய மூன்றும் உண்டு என்றாலும், ஓட்டத்தில் நின்று வாழப் பழகிய சிறுவாய் பாஸே இங்கு முதன்மையானது. எளிதில் மீன் தரும் ஆறுகள் அல்ல இவை. 2005 ஜூலை இறுதியில் இங்கு நடந்த, பாஸ் பிடிப்போருக்கான பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியில், நாளொன்றுக்கு ஐந்து மீன் வீதம் மூன்று நாள்களுக்குப் பதினைந்து மீன்களை எடை போட அனுமதி இருந்தும், வெற்றி பெற்ற கெவின் வான்டாம் கொண்டுவந்த மொத்த எடை 12 பவுண்டு 15 அவுன்ஸ்தான். ஆறு கிலோவுக்கும் சற்றுக் குறைவான இந்த எடையைவிடக் குறைவாகக் கொண்டுவந்து அப்போட்டியில் எவரும் வென்றதில்லை. தேர்ந்த தூண்டில்காரர்களுக்கே இந்நிலை என்றால், விடுமுறை நாளில் படகை இறக்கும் ஒருவர் வெறுங்கையுடன் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காரணம் தெரியாமல் திரும்பினால் அடுத்த வாரமும் அதே கதைதான்.

கடி இல்லாதபோது பலரும் முதலில் மாற்றுவது இரையை. இந்த ஆறுகளில் இரை கடைசியாக மாற்ற வேண்டியது. முதலில் தூண்டில் போடும் இடம், அடுத்து இரை மீனை வந்தடையும் திசை, அதன்பின் இரையோடு சேரும் ஈயத்தின் எடை, இறுதியில்தான் இரையின் வகையும் நிறமும் என்ற வரிசையில் சோதிக்க வேண்டும். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால், அது எதிரே நிற்கும் பொருளின்மேல் செலுத்தும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. எனவே நீர் ஏறும்போது மீன் முன்பு நின்ற இடத்தில் கொஞ்சம் கூடுதலாக உழைத்து நிற்பதில்லை. அந்த இடத்தையே விட்டு நகர்ந்துவிடுகிறது. வேகமான நீரை ஒட்டிய மெதுவான நீரில் குறைந்த உழைப்பில் நின்றுகொண்டு, வேகமான நீர் கொண்டுவரும் உணவை எட்டிப் பிடித்துத் திரும்புவதே பாஸின் இயல்பு. கீழே சொல்லப்படும் பெரும்பாலான கோளாறுகள், அந்த இரு நீர்களும் உரசும் விளிம்பைத் தவறவிடுவதிலிருந்தே பிறக்கின்றன.

அறிகுறி: பல மணி நேரமாக ஒரு கடியும் இல்லை

முதலில் நீரின் அளவைப் பாருங்கள். இங்கே ஒரு குழப்பம் உண்டு. பிட்ஸ்பர்க் நகரைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பை, கூடல் முனையிலிருந்து 6.2 மைல் கீழே ஒஹாயோவில் உள்ள எம்ஸ்வொர்த் அணையின் கதவுகள் ஒரே மட்டத்தில் நிறுத்தி வைக்கின்றன. கப்பல் போக்குவரத்துக்காகச் செய்யப்படும் இந்த ஏற்பாட்டினால், கூடல் முனையின் அளவுகோல் வழக்கமான 16 அடியை ஒட்டியே காட்டிக்கொண்டிருக்க, அடியில் செல்லும் நீரின் அளவோ இரு மடங்கு ஆகியிருக்கலாம். வெள்ள அபாய மட்டமான 25 அடியை நோக்கி ஆறு ஏறும்போதுதான் அடிக்கணக்கு உதவும். மற்ற நாள்களில், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இணையத்தில் தரும், வினாடிக்கு எத்தனை கன அடி என்ற கணக்கையே நம்ப வேண்டும். இன்றைய எண்ணைவிட, நேற்றிலிருந்து அது ஏறுகிறதா, இறங்குகிறதா, நிலைத்து நிற்கிறதா என்பது முக்கியம். நிலையாக நிற்கும் நீரிலும் மெல்ல இறங்கும் நீரிலும் மீன் ஓரிடத்தில் தங்கும். வேகமாக ஏறும் நீரில் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, நீங்கள் தூண்டில் போடும் இடத்தில் நீரின் மேற்பரப்பை ஐந்து நிமிடம் பாருங்கள். மிதக்கும் இலை, நுரை, குச்சி எதுவாயினும், அது ஒரே வேகத்தில் நேராகச் சென்றுகொண்டிருந்தால் அந்த இடத்தில் மீன் நிற்கக் காரணமில்லை. நுரை ஒரு கோடாகத் திரள்வதும், ஓரிடத்தில் தயங்கிச் சுற்றுவதும், கரையோரமாக மேல்நோக்கித் திரும்பி வருவதும்தான் நீங்கள் தேட வேண்டியவை. நகரத்துக்குள் இவை பெரும்பாலும் மனிதர் கட்டியவற்றின் அருகில் கிடைக்கும். பாலத்தின் கல்தூண்கள், சரக்குப் படகுகளைக் கட்டிவைக்க ஆற்றில் எழுப்பிய வட்ட வடிவக் கான்கிரீட் தூண்கள், கப்பல் மதகின் நீண்ட சுவர்களின் முனைகள், பழைய தொழிற்சாலைகளின் இடிந்த படகுத்துறைகள், ஹெர்ஸ் தீவு, நெவில் தீவு போன்ற தீவுகளின் தலையும் வாலும், மெக்கீஸ் ராக்ஸ் அருகே சார்டியர்ஸ் ஓடை ஒஹாயோவில் சேரும் முகத்துவாரம் ஆகியவை எல்லாம் ஓட்டத்தை உடைக்கின்றன. பெரும்பாலான எஃகு ஆலைகள் மறைந்த பின்னும் அவற்றின் கரைக் கட்டுமானங்கள் இப்படி மீனுக்குப் புகலிடமாகிவிட்டது இந்த நகரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

ஒரு தூணைச் சுற்றி மீன் நிற்கக்கூடிய இடங்கள் மூன்று. எல்லோரும் தூணுக்குக் கீழ்ப்புறம் நீர் சுழலும் இடத்தில்தான் போடுவார்கள். அங்கே மீன் உண்டு; ஆனால் பல நேரங்களில் அது பசியற்று ஓய்வெடுக்கும் மீன். தூணின் மேற்புறத்தில், வந்து மோதும் நீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு மெத்தைபோல அடங்கி நிற்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதன் அடியில் ஓட்டம் மண்ணை அரித்து ஒரு குழியையும் தோண்டியிருக்கும். வருகிற உணவை முதலில் பார்க்கும் இடம் அதுவே என்பதால், தின்னும் மனநிலையில் உள்ள மீன் அங்கே நிற்கும். மூன்றாவது இடம், தூணின் இரு பக்கங்களிலிருந்தும் கீழ்நோக்கி நீளும் விளிம்புக் கோடு. இம்மூன்றையும் முறையாகச் சோதித்த பிறகே அந்தத் தூணை விட்டு நகர வேண்டும். அதேபோல், முதல் தூணில் மீன் எங்கே நின்றது என்று தெரிந்துவிட்டால், அன்றைய நீரில் மற்றத் தூண்களிலும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் நிற்கும்.

அறிகுறி: சுழல் சரியாகத்தான் இருக்கிறது, ஆயினும் கடி இல்லை

இது திசைக் கோளாறு. மீன் எப்போதும் தன்னை நோக்கி வரும் நீருக்கு எதிராகத் தலையை வைத்தே நிற்கும். ஆகவே, மேலிருந்து கீழ்நோக்கி, ஓட்டம் கொண்டுவருவதுபோல் இரையைக் கொண்டுவர வேண்டும் என்பது பொதுவிதி. பின்னாலிருந்து வந்து முந்திச் செல்லும் எதையும் ஆற்று மீன் உணவாகப் பார்ப்பது அரிது. இந்த விதியை அறிந்தவர்களே சுழலில் தவறுகிறார்கள். பெரிய சுழலில், கரையை ஒட்டிய நீர் ஆற்றுக்கு எதிர்த்திசையில் மேல்நோக்கி ஓடுகிறது. அந்த எதிரோட்டத்தில் நிற்கும் மீனின் தலை ஆற்றின் கீழ்த்திசையை நோக்கி இருக்கும். எனவே ஆற்றின் போக்கை வைத்துத் திசையைத் தீர்மானிக்காமல், மீன் நிற்கும் அந்த நான்கைந்து அடி நீரின் போக்கை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். ஐயம் இருந்தால் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டு அது எங்கே போகிறது என்று பாருங்கள். இதைவிட மலிவான கருவி இல்லை.

அறிகுறி: இரை அடியைத் தொடுவதே இல்லை

அடியில் இழுக்க வேண்டிய ஜிக் (ஈயத் தலை கொண்ட முள்), டியூப் (உள்ளீடற்ற மென்பிளாஸ்டிக் இரை) போன்ற இரைகளைப் போடுபவர்களை அதிகம் வாட்டும் கோளாறு இது. உடனே கனமான ஈயத்துக்கு மாறுவதற்கு முன் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, பாருங்கள். நீரில் கிடக்கும் ஐம்பது, அறுபது அடி நரம்பின்மேல் ஓட்டம் தள்ளும் விசை, சிறிய இரையின்மேல் தள்ளும் விசையைவிட அதிகமாக இருக்கக்கூடும். நரம்பு வில்லாக வளைந்து இரையைத் தூக்கிக்கொண்டு போகிறது. நரம்பின் தடிமன் பாதியானால் அதன்மேல் விழும் விசையும் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே தடித்த நைலான் நரம்புக்குப் பதிலாக, 10 பவுண்டு பலமுள்ள மெல்லிய பின்னல் நரம்பைப் போட்டு, முனையில் ஐந்தாறு அடி நீளத்துக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பைக் கட்டுவது நல்லது. பின்னல் நரம்பு தண்ணீரில் மிதக்கும் இயல்புடையது என்றாலும், அதன் மெலிவினால் கிடைக்கும் நன்மை அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. ஃபுளோரோகார்பன் நைலானைவிட அடர்த்தி மிக்கது, கல்லில் உரசினாலும் எளிதில் அறுவதில்லை. பாறையும் சிப்பியும் நிறைந்த அடியில் இந்த இரண்டாவது குணம் மிகவும் தேவைப்படும்.

இரண்டாவது சோதனை, வீசும் கோணம். ஆற்றுக்குக் குறுக்கே நேராக வீசினால் இரை இறங்குவதற்குள் ஓட்டம் அதைக் கீழே கொண்டுபோய்விடும். மீன் நிற்கும் இடத்துக்கு நன்றாக மேலே, சாய்வாக வீசி, இரை இறங்கிக்கொண்டே மிதந்து வந்து சரியான இடத்தில் அடியைத் தொடும்படி செய்ய வேண்டும். இரை இறங்கும்போது தூண்டில் கோலை உயர்த்திப் பிடித்து, இடையில் உள்ள வேகமான நீரிலிருந்து நரம்பைத் தூக்கி வைத்திருப்பது அவசியம். நரம்பின் தொங்கலை மட்டும் ரீலில் சுற்றுங்கள், இரையை இழுக்காதீர்கள்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் அடி தட்டவில்லை என்றால் எடையைக் கூட்டலாம். ஏழு கிராமில் தொடங்கி, பத்து, பதினான்கு, இருபத்தொன்று என்று ஏறுவது வழக்கம். எது சரியான எடை என்பதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. இரை சில வினாடிக்கு ஒருமுறை கல்லில் தட்டி, மீண்டும் எழுந்து, சற்றுத் தூரம் மிதந்து, மறுபடியும் தட்ட வேண்டும். தட்டவே இல்லை என்றால் எடை போதாது. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் எடை மிகை. ஆற்றடியை ஒட்டிய நீர் உராய்வினால் மேலுள்ள நீரைவிட மெதுவாகவே செல்கிறது என்பதால், மேற்பரப்பின் வேகத்தைப் பார்த்து அச்சப்பட்டு மிகக் கனமான ஈயத்தைக் கட்டுபவர்களே அதிகம்.

அறிகுறி: ஒவ்வொரு வீச்சிலும் பாறையில் சிக்குகிறது

எடை மிகை என்பதே பொதுவான காரணம். மேலே சொன்ன தட்டி எழும் ஓட்டம் கிடைக்கும்வரை எடையைக் குறையுங்கள். அதன் பிறகும் சிக்கினால், முள்ளின் நுனி மென்மையான பிளாஸ்டிக் உடலுக்குள் மறைந்திருக்கும் வகையில் இரையைக் கோர்க்கலாம். தலை காளானைப்போல் தட்டையாகவும் உடல் சிறியதாகவும் உள்ள நெட் வகை ஜிக், மெதுவான ஓட்டத்தில் சிக்காமல் வரும், கடும் ஓட்டத்தில் பயன்படாது. சிக்கிக்கொண்டால் பலமாக இழுக்காதீர்கள். இரை கீழ்நோக்கிப் போய்க் கல்லிடுக்கில் நுழைந்திருக்கும் என்பதால், படகை அதற்கு மேற்புறமாகக் கொண்டுசென்று எதிர்த்திசையில் இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். சில தூண்களின் அடியில் பழைய இரும்புக் கம்பிகள் கிடக்கின்றன. அத்தகைய இடத்தில் இரண்டு இரைகளை இழந்த பின்னும் மூன்றாவதைப் போடுவது பிடிவாதம் என்றே சொல்ல வேண்டும்.

அறிகுறி: கடி தெரிகிறது, முள் ஏறவில்லை

வில்லாக வளைந்த நரம்பே இங்கும் குற்றவாளி. நீங்கள் கோலைச் சுண்டும்போது அந்த வளைவு நிமிர்வதிலேயே சுண்டலின் பலம் செலவாகிவிடுகிறது. முள்ளுக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. கோலை மேல்நோக்கிச் சுண்டாமல், தொங்கலை வேகமாகச் சுற்றிவிட்டு, கோலை நீர்மட்டத்துக்கு இணையாக ஆற்றின் கீழ்த்திசைப் பக்கமாக நீளமாக வீசி இழுங்கள். அப்படிச் செய்தால் முள் மீனின் முன்பக்கம் நழுவி வெளியேறாமல் வாயின் ஓரத்தில் ஏறும். மேலும், ஓட்டத்தில் வரும் கடி எல்லா நேரமும் வெட்டாகத் தெரியாது. தட்டித் தட்டி வந்த இரை திடீரெனத் தட்டாமல் நின்றாலும், நரம்பு ஓட்டத்தைவிட வேகமாகவோ மெதுவாகவோ நகர்ந்தாலும், அதைக் கடியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் நிறப் பின்னல் நரம்பு இதைக் கண்ணால் காண உதவும்.

முள் ஏறிய பிறகு மீன் தப்பிப்போவது வேறு கோளாறு. சிறுவாய் பாஸ் உடனே வேகமான நீருக்குள் பாய்ந்து, ஓட்டத்தின் பலத்தையும் தன் பலத்தோடு சேர்த்துக்கொள்ளும். நேரே எதிர்த்து இழுக்காமல், கோலைப் பக்கவாட்டில் சாய்த்து மீனைச் சுழல்நீருக்குள் திருப்புங்கள். படகில் இருந்தால் மீனின் பின்னால் படகையும் மிதக்கவிடுங்கள்.

அறிகுறி: சிறிய மீன்கள் மட்டுமே வருகின்றன

இந்த ஆறுகளில் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைவான பாஸ் நிறைய உண்டு என்பதால், இது ஒரு பகுதி ஆற்றின் இயல்பே. எஞ்சிய பகுதியைச் சரிசெய்யலாம். நல்ல இடத்தைப் பெரிய மீன் பிடித்துக்கொள்ளும். ஒதுங்கிய, உணவு குறைவாக வரும் ஓரங்கள்தான் சிறியவற்றுக்கு மிஞ்சும். சுழலின் வாலில் சிறியவை கடித்துக்கொண்டிருந்தால், அதே சுழலின் தலைப்பகுதிக்கு, விளிம்புக்கோடு தொடங்கும் இடத்துக்கு, முதல் வீச்சை மாற்றுங்கள். முதல் வீச்சு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த இடத்தில் சிறிய மீன் ஒன்று துள்ளிப் போராடிய பின்பு பெரியது எச்சரிக்கையாகிவிடுகிறது.

இரையின் அளவைக் கூட்டுவதும் பலன் தரும். எமரால்டு ஷைனர் என்னும் வெள்ளி நிறச் சிறுமீன் கூட்டமும், கிசார்ட் ஷாட் என்னும் மத்தி போன்ற மீனும், கல்லிடுக்கில் வாழும் கிரேஃபிஷ் என்னும் நன்னீர் இறாலும் இங்கு பாஸின் முதன்மை உணவுகள். சிறுமீன் கூட்டம் மேற்பரப்பில் சிதறினால் ஜெர்க்பெயிட் என்னும் நான்கைந்து அங்குலச் சிறுமீன் வடிவச் செயற்கை இரையை விளிம்புக்கோட்டின் குறுக்கே வெட்டி வெட்டி நிறுத்துங்கள். 2005 போட்டியில் வான்டாம் வென்றதும் ஜெர்க்பெயிட்டால்தான். அடியில் கிரேஃபிஷ் மிகுந்திருந்தால் பழுப்பும் பச்சையும் கலந்த டியூப் போதும். இதற்கு மேல் நிறத்தைப் பற்றி விவாதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அறிகுறி: கடிப்பவை எல்லாம் வேறு மீன்கள்

டிரம், சாகர், வால்ஐ, கெளுத்தி ஆகியவை தொடர்ந்து வந்தால், நீங்கள் பாஸ் நிற்கும் இடத்தைவிட ஆழமாகவும் நடு ஆற்றுக்கு அருகிலும் போடுகிறீர்கள் என்று பொருள். கரைக்கு நெருங்குங்கள். டிரம் மீன் நன்றாக இழுக்கும். பெரிய பாஸ் என்று நம்பிக் கை நடுங்கியவர்கள் இந்நகரில் பலர்.

அறிகுறி: மழைக்குப் பின் நீர் ஏறிக் கலங்கிவிட்டது

இந்நிலையில் தூண்டிலை மூட்டை கட்டுபவர்கள் பலர். ஆனால் ஒரு விதத்தில் மீனின் இருப்பிடம் இப்போதுதான் எளிதாகிறது. நடு ஆற்றில் நிற்க முடியாத மீன் கரையை ஒட்டி வந்துவிடும். முன்பு நூறு அடி அகலத்தில் தேடியதை இப்போது பத்தடி அகலத்தில் தேடினால் போதும். மூழ்கிய புதர், படகுத்துறைப் படிக்கட்டின் மூலை, சாய்ந்து விழுந்த மரத்தின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களில் கையெட்டும் தூரத்தில் மீன் நிற்கும். கலங்கலில் அது கண்ணைவிட, உடலின் பக்கவாட்டில் நீரின் அதிர்வை உணரும் பக்கக்கோட்டை நம்புவதால், அகன்ற தகடு அதிர்ந்து சுழலும் ஸ்பின்னர்பெயிட்டும், உடல் ஆட்டம் மிகுந்த கிராங்க்பெயிட்டும் ஏற்றவை. நிறம் கறுப்போ, பளிச்சென்ற மஞ்சள் பச்சையோ இருக்கட்டும். இரையை மெதுவாக, கரைக்கு இணையாகக் கொண்டுவர வேண்டும். கரையிலிருந்து நடு ஆற்றுக்கு இழுத்தால் மீன் நிற்கும் பட்டையை அது இரண்டு வினாடியில் கடந்துவிடும்.

கலங்கல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது என்பதையும் இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். மொனோங்காஹேலா மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும்போது பெரும்பாலும் வண்டல் சுமந்து வருகிறது. அல்லெகேனியின் நீர் பொதுவாக அதைவிடத் தெளிவும் குளிர்ச்சியும் உடையது. இரண்டும் கூடல் முனையில் உடனே கலந்துவிடுவதில்லை. தெற்கே மட்டும் மழை பெய்த நாளில் ஒஹாயோவின் வலக்கரை, அதாவது வடகரை, சற்றுத் தூரம்வரை அல்லெகேனியின் தெளிந்த நீரையே சுமந்து செல்லும். இரு நிறங்களும் சந்திக்கும் கோடே ஒரு விளிம்புதான். மேற்குறிப்பிட்ட எல்லா விதிகளும் அதற்கும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. பிட்ஸ்பர்க்கின் பழைய சாக்கடைக் குழாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகச் செல்வதால், பலத்த மழையில் அவை நிரம்பி ஆற்றுக்குள் வழிகின்றன. அந்நாள்களில் ஆற்றோரம் எச்சரிக்கைக் கொடி ஏற்றுகிறார்கள். கையில் காயம் இருந்தால் அன்று வீட்டிலிருப்பதே நலம். மீனை உண்பது பற்றியும் மாநிலம் வெளியிடும் அறிவுரையைப் பார்த்துவிட வேண்டும்.

அறிகுறி: கோடையில் ஓட்டமே அடங்கிவிட்டது

கடும் ஓட்டத்தின் நேரெதிர் நிலை இது. ஆனால் இதே ஆறுகளில் ஜூலை, ஆகஸ்டில் வருவது. சூடான நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு என்பதால், பாஸ் ஓட்டம் மிஞ்சியிருக்கும் இடங்களைத் தேடிச் செல்கிறது. அல்லெகேனியில் ஹைலாண்ட் பார்க் அணைக்குக் கீழும், மொனோங்காஹேலாவில் பிராடக் அணைக்குக் கீழும் நீர் கொட்டிக் காற்றோடு கலக்கிறது. அத்தகைய இடங்களின் கீழ்ப்பகுதிகளைத் தடை எல்லைக்கு வெளியே நின்று தேடுங்கள். தீவுகளின் தலையில் நீர் இரண்டாகப் பிரியும் ஆழமற்ற சரளைத்திட்டு, விடியலில் மேற்பரப்பு இரைக்கு ஏற்ற இடம்.

சரக்குப் படகு வரிசை ஒன்று கடந்து செல்லும்போது நடப்பதையும் கவனியுங்கள். அது கரையோர நீரை முதலில் உறிஞ்சிக் கீழிறக்கி, பின் அலையாகத் திருப்பி அனுப்புகிறது. கல்லிடுக்கில் பதுங்கிய சிற்றுயிர்கள் கலைகின்றன. தேங்கிய ஆற்றில் சில நிமிடங்களுக்கு ஓட்டம் பிறக்கிறது. பலர் எரிச்சலுடன் கோலைக் கீழே வைக்கும் அந்த நேரத்தில்தான் போட வேண்டும். நிச்சயமாக, அலை படகை அடித்து முடித்த பிறகு.

அறிகுறி: காலையில் கடித்த இடம் நண்பகலில் வெறுமையாகிவிட்டது

மேலே உள்ள அணைகளின் கதவு மாற்றத்தால் ஓட்டம் கூடியதா, குறைந்ததா என்று கன அடிக் கணக்கைப் பார்த்துச் சோதியுங்கள். கூடியிருந்தால் மீன் சுழலுக்குள் இன்னும் உள்ளே, கரைப்பக்கமாக நகர்ந்திருக்கும். குறைந்திருந்தால் விளிம்பைத் தாண்டி வேகமான நீரை நோக்கி வெளியே வந்திருக்கும். இரண்டு நிலையிலும் அது பல மைல் போவதில்லை, சில அடிகள்தான் நகர்கிறது. ஓட்டம் மாறாமல் வெயில் மட்டும் ஏறியிருந்தால், அதே தூணின் நிழல் விழும் பக்கத்தில் ஆழமாகப் போடுங்கள்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்குச் செல்லாது. நீர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனதும் சிறுவாய் பாஸ் ஓட்டத்தின் விளிம்பை விட்டு, ஓட்டம் அறவே எட்டாத ஆழமான மடுக்களில் கூட்டமாக ஒடுங்கிவிடும். அப்போது சிறிய இரையை அசையாமல் கிடத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: படகு நிற்க மறுக்கிறது

படகின் முகத்தை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, முன்புற மின்மோட்டாரை இயக்கி, ஓட்டத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் பின்னோக்கி மெல்ல நழுவிக்கொண்டே வீசுவதுதான் சரியான முறை. இதனால் இரையும் படகும் ஒத்த வேகத்தில் நகர்ந்து, நரம்பின் வளைவும் குறைகிறது. சுழலுக்குள் படகையே கொண்டுபோய் நிறுத்துவது எளிது. ஆனால் மீன் நிற்கும் இடத்தின்மேல் நீங்கள் நிற்பீர்கள். நங்கூரம் போட்டே ஆக வேண்டுமென்றால் முகப்பிலிருந்து மட்டும் போட வேண்டும். பின்புறத்தில் கட்டினால் ஓட்டம் படகின் தாழ்ந்த பின்பகுதியை அமிழ்த்தி, சில வினாடிகளில் நீர் நிரம்பிவிடும். நங்கூரக் கயிற்றை உடனே அறுக்க ஒரு கத்தியும் கையருகே இருக்கட்டும்.

அணைகளை நெருங்கும்போது இந்தக் கவனம் பல மடங்கு தேவை. ஒஹாயோவில் எம்ஸ்வொர்த்தும் மான்ட்கோமரியும் கதவுள்ள அணைகள். இடையில் உள்ள டாஷீல்ட்ஸும், அல்லெகேனியின் கப்பல் போக்குவரத்து அணைகளும் கதவில்லாத, நீர் மேலே வழிந்து விழும் அணைகள். மேல்புறத்திலிருந்து வரும் படகோட்டிக்கு அத்தகைய அணை ஒரு நேர்க்கோடாகவே தெரியும். வீழ்ச்சி கண்ணுக்குப் புலப்படாது. கீழே விழும் நீர் உருண்டு அணையை நோக்கியே திரும்பிப் பாய்வதால், அதில் சிக்கிய படகோ மனிதரோ வெளியேறுவது மிகக் கடினம். மேலும் கீழும் எச்சரிக்கைப் பலகையும் மிதவையும் குறிக்கும் எல்லைக்குள், எவ்வளவு மீன் துள்ளினாலும் நுழையாதீர்கள். எஞ்சின் நின்றுவிட்டால் முதல் வேலை நங்கூரம் இடுவது, இரண்டாவது வேலைதான் எஞ்சினைப் பார்ப்பது. பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, 16 அடிக்குக் குறைவான படகில் உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். பாஸ் பிடிக்கும் பருவமும், வைத்துக்கொள்ளக்கூடிய நீளமும் ஆண்டின் காலத்தைப் பொறுத்து மாறுவதால், மாநில மீன்-படகு ஆணையத்தின் நடப்பு விதிகளைப் படகை இறக்குமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.